தண்ணீருக்குக் கோடு போட்டேன்

அந்தப் படம் என் கம்ப்யூட்டருக்கு வந்த அன்று, அதை வரைந்தவருக்கு வரையத் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன்.

திருப்பூரில் ராயபுரத்தை ஒட்டிய சந்து ஒன்றில், பனியன் துணியில் படம் அச்சடிக்கும் கம்பெனியில் எனக்கு வேலை. வெளிநாட்டிலிருந்து வருகிற படத்தை நிறம் நிறமாகப் பிரித்து, நிறத்துக்கு ஒன்றாகப் பிலிம் எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. பிலிமை வைத்து, சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலையில் ஸ்கிரீன் செய்வார்கள். நீளமான மேஜையில் துணியை ஒட்டி, அதன் மேல் ஒவ்வொரு ஸ்கிரீனாக வைத்து நிறத்தை இழுப்பார்கள். கடைசியாக வருவது பெரும்பாலும் கருப்பு ஸ்கிரீன். அதுதான் கோடு. கரடிப் பொம்மையோ பூனைக்குட்டியோ, கருப்பு விழுகிற வரைக்கும் துணியில் இருப்பது வெறும் கறை. கருப்பு விழுந்ததும் கண்ணும் மூக்கும் மீசையும் அதனதன் இடத்தில் வந்து உட்காரும். இருபது வருஷத்துக்கு மேலாக அந்தக் கருப்புக் கோடுதான் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. "கோடு சுத்தமா வேணும்னா அவருகிட்டக் குடுங்க" என்று மற்ற கம்பெனிக்காரர்கள்கூடச் சொல்வார்கள். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் எனக்குள் ஒரு சின்னத் திமிர் எட்டிப் பார்க்கும்.

படத்தை அனுப்பியது எங்கள் மெர்ச்சண்டைசர் பெண். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையரிடம் பேசுவது, மெயில் போடுவது எல்லாம் அவர்தான். கோயம்புத்தூரிலிருந்து தினமும் ரயிலில் வந்து போவார். அனுப்பிவிட்டு என் மேஜைக்கே வந்து நின்றார்.

"அண்ணா, இது ஒரு மியூசியத்துக்காரங்க ஆர்டருங்க. அவங்க கடையில விக்கற டி-ஷர்ட். பிரான்ஸ் நாட்டு இம்ப்ரெஷனிஸ்ட் பெயிண்டிங்குங்க. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு."

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆறு ஒன்று இருப்பது போலத் தெரிந்தது. காலை நேரம். இரண்டு படகுகள், தூரத்தில் ஒரு பாலம், அதற்கும் அப்பால் புகை. கரையில் குடை பிடித்த ஒரு பெண். இன்னும் பெரிதாக்கினேன். பெண் காணாமல் போனாள். அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தீற்றலும் ஊதாவாக ஒரு தீற்றலும் குடைக்குச் சிவப்பாக ஒரு பொட்டும் மட்டும் இருந்தன.

"ஏனுங்க, படம் தெளிவா இல்லீங்களே. நல்ல ரெசொல்யூஷன்ல வாங்கிக் குடுங்க."

"இதுதானுங்கண்ணா ஒரிஜினலு. இதுக்கு மேல தெளிவு இல்லீங்க."

"எல்லாம் கலங்கிக் கெடக்குதுங்க."

"அப்படித்தான் இருக்கும்ங்கண்ணா" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

நான் என்ன செய்தேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த ஓவியத்தைத் திருத்தினேன். படகைச் சுற்றிச் சுத்தமாக ஒரு கோடு போட்டேன். பாலத்தின் கால்கள் கொஞ்சம் கோணலாக இருந்தன. அடிமட்டம் வைத்தது போல நிமிர்த்தினேன். படகுக்கு அடியில் இருந்த நிழல் என்னென்னவோ நிறமாகக் குழம்பிக் கிடந்தது, கருப்பாக்கினேன். இரண்டாவது படகு படத்தின் வலது ஓரத்தில் பாதியோடு வெட்டுப்பட்டிருந்தது. யாரோ ஸ்கேன் பண்ணும்போது தவறவிட்டிருக்கிறார்கள் என்று எண்ணி, மீதிப் படகையும் நானே வரைந்து, முழுப் படகாக உள்ளே தள்ளி வைத்தேன். தண்ணீரில் இருந்த நூறு விதத் தீற்றல்களையும் சாம்பல் பச்சை என்று ஒரே நிறமாக்கிவிட்டேன். அது மொட்டையாகத் தெரிந்ததால் தண்ணீருக்கும் கோடு போட்டேன். அலை அலையாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கடல் வரைவது போல. மொத்தம் ஏழு ஸ்கிரீன். வேலை முடிந்ததும் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு நிறைவாக இருந்தது.

முதலில் சாம்பிளுக்காக ஒரு துண்டுத் துணியில் அடித்து பையருக்கு அனுப்புவோம். ஸ்ட்ரைக் ஆஃப் என்பார்கள். அதை அவர்கள் பார்த்துச் சரி என்ற பிறகுதான் மற்ற வேலை. ஸ்ட்ரைக் ஆஃப் போய்ச் சேர்ந்த அன்றே பதில் வந்தது. மெர்ச்சண்டைசர் பெண் மெயிலைப் படித்து, தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னார்.

"கோடெல்லாம் யாரு போட்டதுன்னு கேக்கறாங்க அண்ணா. படகு ஏன் முழுசா இருக்குதுன்னு கேக்கறாங்க. அப்புறம்..."

"சொல்லுங்க."

"தண்ணி நின்னு போச்சாம்ங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "படகு முழுசா இருக்கறது ஒரு தப்புங்களா? நானா ஒடச்சு வெச்சேன்?" என்று சத்தமாகவே கேட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மெர்ச்சண்டைசர் பெண் ஸ்ட்ரைக் ஆஃப்பின் இன்னொரு துண்டை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அதை நான் திருப்பிப் போட்டுவிட்டேன்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தேடி வந்தவர் கலர் ரூம் அக்கா. எங்கள் கம்பெனியில் நிறம் கலக்குகிறவர் அவர்தான். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரர். கணவரோடு இங்கே வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. கணவருக்கு நிட்டிங் மெஷினில் வேலை. அக்காவை விட எனக்கு நான்கைந்து வயது குறைவு. வாளிக்குள் எட்டிப் பார்த்து, "இன்னும் ஒரு சொட்டு நீலம்" என்பார். ஒரு சொட்டு ஊற்றினால், நிறச் சீட்டுகள் கோத்த ஷேடு கார்டில் இருக்கும் நிறத்தோடு ஒட்டிவிடும். கலந்த நிறத்தைச் சரிபார்க்க எங்களிடம் லைட் பாக்ஸ் உண்டு. சாம்பல் நிறப் பெட்டிக்குள் பகல் வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு, கடை வெளிச்சத்துக்கு ஒன்று, வீட்டு பல்புக்கு ஒன்று. மூன்றிலும் துணி ஒரே நிறமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பையர் திருப்பி அனுப்பிவிடுவார். அக்காவின் நாட்கள் பெரும்பாலும் அந்தப் பெட்டிக்கு முன்னால்தான் கழிந்தன.

"தம்பி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிட மாட்டியளே?" என்றார்.

"கேளுங்கக்கா."

"அவிய அனுப்புன படத்தப் பாத்தேன். அதுல கருப்பு எங்க இருக்குன்னு எனக்குக் காட்டுங்க பாப்போம்."

இதென்ன கேள்வி என்று நினைத்துக்கொண்டே படத்தைத் திறந்தேன். எந்த இடத்தில் வைத்தாலும் அங்கே என்ன நிறம் என்று காட்டும் கருவி என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. படகின் அடியில் வைத்தேன். கரு நீலம் என்று வந்தது. ஒரு நூல் தள்ளி வைத்தேன். அடர்ந்த பச்சை. அதற்குப் பக்கத்தில் கத்தரிப்பூ நிறம், அதற்கும் பக்கத்தில் ரத்தச் சிவப்பு. பாலத்தின் கீழே ஊதா. படகில் நின்ற ஓர் ஆளின் மேலங்கி என் கண்ணுக்குக் கருப்புதான். கருவி அதை நீலமும் பழுப்பும் என்றது. அக்கா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டு மணி முடிந்து மறு மணி அடிக்கிற வரைக்கும் தேடினோம். அந்தப் படம் முழுக்க எங்களுக்குக் கருப்பு கிடைக்கவே இல்லை.

"நெழல்னா கருப்புதானுங்கக்கா. இவரு எதுக்கு ஊதாவத் தீட்டி வெச்சிருக்காரு?"

"டீ நேரத்துக்கு மாடிக்கு வாங்க. காட்டுதேன்."

மொட்டை மாடியில் நாலு மணி வெயில் சாய்ந்திருந்தது. அக்கா கையில் ஒரு துண்டு வெள்ளைத் துணியும் ஷேடு கார்டும் கொண்டு வந்திருந்தார். துணியைத் தரையில் விரித்து அதன் மேல் தன் கையை நீட்டினார். விரல்களின் நிழல் துணியில் விழுந்தது.

"என்ன கலரு?"

"கருப்புங்க... இல்லீங்க, சாம்பல்."

"சும்மா சொல்லாதிய. பாத்துச் சொல்லுங்க."

அவர் ஷேடு கார்டைப் புரட்டி, ஒவ்வொரு சீட்டாக நிழலுக்குப் பக்கத்தில் வைத்தார். சாம்பல் சீட்டுகள் ஒன்றும் ஒட்டவில்லை, அழுக்காகத் தெரிந்தன. பிறகு வெளிர் நீலத்தில் லேசாக ஊதா கலந்த ஒரு சீட்டை வைத்தார். அது நிழலோடு கரைந்துவிட்டது. எங்கே சீட்டு முடிகிறது, எங்கே நிழல் தொடங்குகிறது என்று தெரியவில்லை. வெயில் பட்ட இடத்தையும் பார்த்தோம். வெள்ளைத் துணிதான், ஆனால் அங்கே அது சந்தன நிறத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

"வெயில் படுத எடத்துல வெயிலு இருக்கு. வெயில் படாத எடத்துல வானம் விழுந்து கெடக்கு" என்றார் அக்கா. "எங்கூருல படகுப் பாய விரிச்சுக் காயப் போட்டா இப்படித்தான் தெரியும். சின்னதுலயே பாத்திருக்கேன். ஆனா நெழலுக்குச் சீட்டு வச்சுப் பாக்கணும்னு இன்னிக்குத்தான் தோணுச்சு."

நாற்பத்தாறு வருஷமாக நிழலை மிதித்துக்கொண்டு நடக்கிறேன். அதன் நிறம் என்ன என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. பிரான்ஸ் தேசத்து ஆற்றங்கரையில் நின்ற ஒரு மனிதர் கேட்டிருக்கிறார். தனக்குத் தெரிந்ததை வரையாமல், தன் கண்ணில் பட்டதை வரைந்திருக்கிறார். கீழே இறங்கி வரும்போது அவர் மேல் எனக்கு மரியாதை வந்திருந்தது. அதோடு கூடவே பயமும் வந்தது. அவருடைய படத்தை அல்லவா நான் திருத்தி வைத்திருக்கிறேன்.

மறுநாளிலிருந்து அந்தப் படத்தை முதல் தடவை பார்ப்பது போலப் பார்க்க ஆரம்பித்தேன். தண்ணீர்தான் என்னை அதிகம் குழப்பியது. தள்ளி நின்று பார்த்தால் சாம்பல் பச்சை. கிட்டே போனால் சாம்பலும் இல்லை, பச்சையும் கொஞ்சம்தான். நீலம், ரோஸ், மஞ்சள், பச்சை எல்லாம் குட்டிக் குட்டித் தீற்றல்களாக அடுத்தடுத்து இருந்தன. அவர் நிறங்களைத் தட்டில் போட்டுக் கலக்கவே இல்லையா? கலக்காமல் எப்படி இந்தச் சாம்பல் வந்தது?

விடை என் உடம்பிலேயே இருந்தது. அன்று நான் போட்டிருந்தது கிரே மெலாஞ்ச் டி-ஷர்ட். திருப்பூரில் மெலாஞ்ச் தெரியாதவர்கள் கிடையாது. ஸ்கிரீன் வலையின் கண் பார்க்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடி கையில் இருந்தது. என்னவோ தோன்றி அதைச் சட்டை நுனியில் வைத்துப் பார்த்தேன். உள்ளே சாம்பல் நிற இழை ஒன்றுகூட இல்லை. கருப்பு இழையும் வெள்ளை இழையும் மட்டும்தான். மில்லில் கருப்புச் சாயம் ஏற்றிய பஞ்சையும் வெள்ளைப் பஞ்சையும் கலந்து நூற்கிறார்கள். சாம்பல் என்பது நம் கண் செய்துகொள்வது. அப்படிச் செய்துகொண்ட சாம்பலுக்கு ஒரு உயிர் இருக்கிறது. நேராகச் சாம்பல் சாயத்தில் முக்கி எடுத்த துணியைப் பக்கத்தில் வைத்தால் சிமென்ட் பூசியது போல மந்தமாக இருக்கும்.

நான் கலர் ரூமுக்கு ஓடினேன். "அக்கா, அவரு படத்த மெலாஞ்ச் போட்டிருக்காருங்க!"

பூதக்கண்ணாடியை வாங்கி முதலில் என் சட்டையைப் பார்த்தார், பிறகு படத்தின் பிரிண்டைப் பார்த்தார். "ஆமாலா" என்றார். பிறகு தன் வாளியை எட்டிப் பார்த்தார். அதில் நான் கேட்டு அவர் கலந்து வைத்த சாம்பல் பச்சை இன்னும் மிச்சம் இருந்தது. "நாமதான் எல்லாத்தயும் வாளிக்குள்ள போட்டுக் கொன்னுட்டோம்" என்றார்.

முதலாளியிடம் போனேன். ஏழுக்குப் பதில் பன்னிரண்டு ஸ்கிரீன் வேண்டும், பிலிமை நான் கையாலேயே தீட்ட வேண்டும், ஒரு வாரம் ஆகும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பண்ணிப் பாருங்க. ஆனா ரெண்டாவது தடவயும் திரும்பி வந்துச்சுன்னா, பையரு வேற எடத்துக்குப் போயிருவாருங்க. அதையும் மனசுல வெச்சுக்கங்க."

அந்த வாரத்துக்கு நடுவில் அவிநாசிபாளையத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷம். தாராபுரம் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து போனேன். மனம் முழுக்க அந்தப் பாதிப் படகு. அதை ஏன் அவர் வெட்டினார் என்பது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. பஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்குள் பாதித் தென்னை வந்தது, போனது. ஒரு டீக்கடையின் முன்பக்கம் மட்டும் வந்தது. பால் கேன் கட்டிய மோட்டார் சைக்கிளின் பின் சக்கரம் வந்தது, ஓட்டுகிறவர் வரவில்லை. எதுவும் முழுதாக வரவில்லை. ஆனால் ஊர் அறுந்து போயிருக்கிறது என்று ஒரு முறைகூடத் தோன்றவில்லை. ஜன்னலுக்கு வெளியேயும் ஊர் இருக்கிறது என்பதை அந்தப் பாதிச் சக்கரம்தான் சொன்னது. ஓரத்தில் வெட்டுப்பட்ட படகும் அதைத்தான் சொல்லியிருக்கிறது: ஆறு இந்தச் சட்டத்தோடு முடியவில்லை என்று. நான் அதை முழுசாக்கி உள்ளே வைத்தபோது ஆற்றைத் தொட்டியாக்கிவிட்டேன்.

வழியெல்லாம் காற்றாலைகள். பக்கத்தில் நிற்பது பளிச்சென்று வெள்ளை, அதன் உடம்பில் மாலை வெயில் மஞ்சள். அதற்குப் பின்னால் இருப்பது கொஞ்சம் மங்கல். கடைசி வரிசை வானத்தின் நீலத்திலேயே பாதி கரைந்து நின்றது. படத்தில் இருந்த பாலமும் இப்படித்தான். பள்ளியில் எனக்குத் தூரத்தைக் காட்டக் கற்றுக்கொடுத்தபோது, இரண்டு கோடுகளைக் குறுக்கிக்கொண்டே போய் ஒரு புள்ளியில் சேர்க்கச் சொன்னார்கள். இவர் அந்த வேலையையே செய்யவில்லை. கிட்டே இருப்பதற்கு அகலமான தீற்றல், சூடான நிறம்; போகப் போகத் தீற்றல் சின்னதாகி, நிறம் ஆறி, கடைசியில் பாலமும் வானமும் ஏறக்குறைய ஒரே நிறம். படத்தின் முக்கால் பங்கைத் தண்ணீருக்கே கொடுத்துவிட்டு, கரையை உச்சியில் ஒரு பட்டையாக ஒதுக்கியிருந்தார். பார்க்கிறவன் தண்ணீருக்கு மேலேயே நிற்பது போல இருக்கும். விசேஷ வீட்டில் என்னிடம் பேசியவர்களுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

பிலிம் தீட்ட உட்கார்ந்தேன். அதில் ஒரு வேடிக்கை உண்டு. எந்த நிறத்துக்கான பிலிமாக இருந்தாலும் அதில் தீட்டுவது கருப்பு மையால்தான். வெளிச்சத்தை மறைக்க வேண்டும் என்பதற்காக. கருப்பே இல்லாத படத்துக்கு நான் பன்னிரண்டு பிலிமிலும் கருப்பையே தீட்டிக்கொண்டிருந்தேன். இது ரோஸ், இது வெளிர் பச்சை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே கருப்பைத் தீட்ட வேண்டும். ரோஸ் பிலிமில் விடுகிற இடத்தில் நீலம் வரும், நீலம் விடுகிற இடத்தில் துணியே தெரியும். எங்கேயும் எதையும் சுற்றி வளைத்துக் கோடு போடவில்லை.

முதல் முறை அடித்துப் பார்த்தபோது அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"மொசைக் தரை மாதிரில்லா இருக்கு, தம்பி!"

உண்மைதான். பழக்கதோஷத்தில் எல்லாத் தீற்றலையும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில், சுத்தமாகப் போட்டிருந்தேன். என் கை தன் திறமையை விட்டுக்கொடுக்க மறுத்தது. மறுபடி அந்தப் படத்திடம் போனேன். அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. படத்தில் கோடு இல்லை என்று நினைத்திருந்தேனே, அது தவறு. கோடு எங்கும் இருந்தது. தண்ணீரில் தூரிகை படுக்கைவாட்டில் போயிருந்தது. கரையோர மரத்தில் மேல் நோக்கி. புகையில் சுழன்று சுழன்று. தூரிகை போன திசைதான் கோடு. படகின் விளிம்பு என்று தனியாக ஒன்றும் இல்லை. பழுப்பும் நீலமும் முட்டிக்கொள்கிற இடத்தை நம் கண் விளிம்பு என்று எடுத்துக்கொள்கிறது. பாய்மரம் மட்டும் ஒரே இழுப்பில் நின்றது. கை லேசாக நடுங்கியிருக்கிறது. அந்த நடுக்கத்தால் படகு தண்ணீரில் ஆடியது.

"அக்கா, தண்ணி எப்படி அசையும், சொல்லுங்க" என்றேன்.

அவர் யோசித்தார். "கரைக்கிட்ட நெளிஞ்சு நெளிஞ்சு வரும். தள்ளிப் போனா படுத்துக்கிடும். படகுக்கு அடியில மட்டும் ஒடஞ்சு ஒடஞ்சு கெடக்கும். ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது பாத்துக்கிடுங்க."

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்து மேஜையைத் திருப்பிப் போட்டு, மறுபடி முதல் பிலிமிலிருந்து தீட்டினேன். அக்கா தன் பக்கம் பன்னிரண்டு வாளி கலந்தார். எது முன்னால் விழ வேண்டும், எது பின்னால் என்று அவர்தான் முடிவு செய்தார். வழக்கமாக ஒரு நிறத்தைக் காய வைத்துவிட்டுத்தான் அடுத்ததை இழுப்போம். தண்ணீரில் இரண்டு இடத்தில் மட்டும் ஈரத்தின் மேலேயே அடுத்த நிறத்தை விடச் சொன்னார். "ஓரம் ஒண்ணோடு ஒண்ணு லேசா சேரட்டும்" என்றார்.

மேஜையில் ஸ்கிரீன் இழுப்பவர் ஒடிசாக்காரர். வீட்டில் ஒரியா, எங்களோடு இந்தியும் அரைத் தமிழும். கோடு எங்கே, கருப்பு எங்கே என்று கேட்டுக்கொண்டே இழுத்தார். ஒன்பதாவது ஸ்கிரீன் வரை அவர் முகத்தில் ஒரு நம்பிக்கையும் இல்லை. கடைசி ஸ்கிரீன் ஆரஞ்சு. தண்ணீரில் வெயில் விழுந்த இடத்தில் ஆறேழு தீற்றல், அவ்வளவுதான். அதை இழுத்து, ஸ்கிரீனைத் தூக்கி ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தவர், நிறம் இழுக்கிற ஸ்க்யூஜியைக் கையிலேயே வைத்துக்கொண்டு இரண்டு எட்டு பின்னால் போனார்.

"அரே, பானி! பானி ஹில் ரஹா ஹை!" என்றார். பிறகு எனக்காகத் தமிழில், "அண்ணா, தண்ணி ஆடுது."

மூன்று பேரும் அப்படியே நின்றோம். நீலத்துக்குப் பக்கத்தில் விழுந்ததும் அந்த ஆரஞ்சு தீப்பிடித்தது போல இருந்தது. அதே ஆரஞ்சை அக்கா வாளியில் கலக்கும்போது சாதாரணமாகத்தான் இருந்தது. ஒரு நிறம் எவ்வளவு பிரகாசம் என்பதை அதன் பக்கத்தில் இருப்பதுதான் தீர்மானிக்கிறது. இதை அந்த மனிதர் எத்தனை காலைகள் ஆற்றங்கரையில் நின்று கண்டுபிடித்தாரோ. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கலர் நெடி என்று சொன்னார். நாங்கள் அடிப்பது தண்ணீரில் கரைத்த நிறம், அதில் அவ்வளவு நெடி இருக்காது.

இந்த முறை பதில் வர நான்கு நாள் ஆனது. மெர்ச்சண்டைசர் பெண் மெயில் வந்ததும் படியில் இறங்கி ஓடியே வந்தார்.

"ஓகேங்கண்ணா! குடையோட செவப்பு மட்டும் ஒரு நூல் கொறைக்கணுமாம். மத்தபடி ஒண்ணையும் தொட வேண்டாம்னு எழுதியிருக்காங்க."

அக்கா குடையின் சிவப்பை அன்றைக்கே குறைத்தார்.

இரண்டு மாதம் கழித்து அந்த பையர் நேரில் வந்தார்; ஒரு வெளிநாட்டு அம்மாள். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். கம்பெனியைச் சுற்றிப் பார்த்துவிட்டு எங்கள் மேஜைக்கு வந்ததும் அச்சடித்த துணியை மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். பிறகு பின்னால் நடந்தார். மறுபடி கிட்டே வந்தார். இதை யார் செய்தது என்று கேட்டார். அக்காவையும் என்னையும் முன்னால் தள்ளிவிட்டார்கள். அக்காவின் கை மணிக்கட்டு வரை நீலம். துடைக்கப் போனவரின் கையை அந்த அம்மாள் அப்படியே பிடித்துக் குலுக்கினார்.

அக்கா மெர்ச்சண்டைசர் பெண்ணிடம், "ஒண்ணு கேட்டுச் சொல்லுவியளா? அந்தப் படத்த வரஞ்சவரு எங்க இருந்து வரஞ்சாரு?" என்றார்.

அவர் பையர் அம்மாளிடம் கேட்டுச் சொன்னார். "ஆத்தங்கரையிலயே கேன்வாஸ வெச்சுட்டு வரைவாராம்ங்கக்கா."

"வெயிலு மாறிக்கிட்டே இருக்குமே?"

"மாறறதுக்குள்ள வரைவாராம். மாறிட்டா அத வெச்சுட்டு வேற கேன்வாஸ எடுத்துக்குவாராம். மறுநாள் அதே நேரத்துக்கு வந்து விட்ட எடத்துல இருந்து ஆரம்பிப்பாராம்."

அக்கா தன் நீலக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று விளக்கிலும் ஒரே நிறம் தெரிய வேண்டும் என்று பதினைந்து வருஷமாக மல்லுக்கட்டியவர் அவர். ஒரே ஒரு வெளிச்சம் போதும், அதுவும் அந்த அரை மணி நேரத்து வெளிச்சம் போதும் என்று ஒருவர் நின்றிருக்கிறார்.

"ஓடுத வெயிலப் புடிச்சிருக்காரு, மனுசன்" என்றார் கடைசியில். மெர்ச்சண்டைசர் பெண்ணுக்கு அதை எப்படி இங்கிலீஷில் சொல்வதென்று தெரியவில்லை. பையர் அம்மாளுக்கு என்ன புரிந்ததோ, தலையை ஆட்டிச் சிரித்தார்.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு அமராவதி அணைக்குப் போனேன். அவருக்கு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நாள் முழுக்க துணியில் ஓட்டை, கறை, பிசிறு பார்ப்பவர். பொரித்த மீனை வாங்கிக்கொண்டு தண்ணீர் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தோம். எதிரே மலை.

"அந்த மலை என்ன கலருங்க?" என்று நான் கேட்டேன்.

"பச்சதான்."

"நல்லாப் பாருங்க."

அவர் துணியைப் பார்ப்பது போலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "பச்ச இல்லீங்க. அடியில நீலமாட்ட இருக்குது. மேல ஊதாங்க. அந்த மடிப்புல பாருங்க, ரோசு."

"ரோஸ் எங்கீங்க? எனக்குத் தெரியலியே."

"அதா, மேகத்துக்குக் கீழ. ஐயோ, போயிருச்சுங்க. இப்ப இல்ல."

நான் ஊதா என்றேன், அவர் நீலம் என்றார். நான் பார்ப்பதற்குள் அது இரண்டும் இல்லாமல் ஆனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த குடும்பம் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. மீன் தட்டை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து, இன்னும் நன்றாகத் தெரிகிற இடம் தேடி, தண்ணீர் ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.